பழனி பாதயாத்திரை: சர்க்கரை உள்ள அப்பா வெறுங்காலில் நடக்கலாமா? குன்றக்குடியிலிருந்து திட்டமிட உதவி வேண்டும்

தேவகோட்டை மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை ரொம்ப நாளாக இருக்கிறது. பகலில் மாத்திரை, ராத்திரி இன்சுலின். தம்பி பைக் விபத்தில் அடிபட்டு ஐசியூவில் கிடந்தபோது, "பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் செருப்பில்லாமல் பழனிக்கு நடந்து வருகிறேன் முருகா" என்று வேண்டிக்கொண்டார். தம்பி எழுந்துவிட்டான். தொடையில் பிளேட் வைத்திருக்கிறார்கள், மெதுவாக நடமாடுகிறான். வருகிற தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கிளம்பியே ஆக வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். நானும் கூடவே நடக்கப் போகிறேன்.

எத்தனை நாள் ஒதுக்குவது, எங்கே தங்குவது, பெண்களுக்கு வழியில் என்ன சிரமம் என்றெல்லாம் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கரை உள்ளவர் இவ்வளவு தூரம் வெறுங்காலில் நடக்கலாமா? "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அப்பா காதில் ஏறாது. காரணத்தோடு சொன்னால் உட்கார்ந்து கேட்பார். பதில்களை அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

காரைக்குடி நடைக்குழு:
தங்கச்சி, முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, சமுத்திராப்பட்டி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி. எல்லாம் சேர்த்து 150 கி.மீ.க்கு மேல் வரும். நம்ம பக்கத்து நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாகக் குன்றக்குடியில் கிளம்பித்தான் போகிறது. அதனால் தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் இந்த ரோட்டில் நீங்கள் தனியாக நடக்கிறோம் என்ற பேச்சே இருக்காது.

நாள் கணக்கு போடும்போது மொத்தத் தூரத்தை நாளால் வகுக்காதீர்கள். "ஒரு நாளைக்கு 35" என்று எழுதி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இரண்டாம் நாள் சாயங்காலமே வேனில் ஏறிவிடுகிறார்கள். முதல் நாள் உற்சாகத்தில் கால் தானாக ஓடும், அன்றைக்குத்தான் கையைக் கட்டி நடக்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் எழுந்து பாதத்தைத் தரையில் ஊன்றும்போது என்ன சொல்கிறதோ அதுதான் உங்கள் உண்மையான கணக்கு. முதல் இரண்டு நாள் 15 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து உடம்பு பழகி 22, 25 வரை வரும். அப்பா வயதுக்கு ஏழு நாளுக்குக் குறைத்துத் திட்டமே போடாதீர்கள், எட்டாவது நாளைக் கையிருப்பாக வையுங்கள்.

வெயிலுக்கு முந்தி எழுந்து 9, 9.30க்குள் நிறுத்திவிட வேண்டும். பகலில் படுத்துத் தூங்கி, 4 மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம். தை மாதம்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். மத்தியானம் 12 மணிக்கு நத்தம் ரோட்டுத் தாரில் வெறுங்கால் வைத்தால் தெரியும். வெறுங்காலில் போகிற எங்கள் ஆட்கள் வெயில் ஏறினதும் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே வரிசையாக நடப்பார்கள். கறுப்புத் தாரைவிட அது சூடு குறைவு. கோடு அழிந்துபோன இடத்தில் நடை தானாக வேகமெடுக்கும்.

ஓய்வுபெற்ற செவிலி:
அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் அப்பாவின் பாதத்தில்தான் இருக்கிறது. வயதையும் வேண்டுதலையும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது. கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே சர்க்கரை நோய் மருத்துவரிடம் பாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஒரு மெல்லிய நைலான் இழையை வைத்திருப்பார்கள். கண்ணை மூடச் சொல்லி, அதன் நுனியைக் கட்டை விரல் அடியிலும் பாதத்தின் முன்மேட்டிலும் வைத்து, இழை வளைகிற அளவுக்கு அழுத்துவார்கள். வளையும்போது பாதத்தில் விழுவது 10 கிராம் அழுத்தம். அது பட்டது தெரிந்தால் பாதத்தைக் காக்கிற உணர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்கு வெறுந்தரை ஆகாது. கூடவே கணுக்காலில் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள், ரத்த ஓட்டம் எப்படி என்று தெரிந்துகொள்ள.

காரணம் இதுதான், அப்பாவுக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். நல்ல உணர்ச்சி உள்ள காலில் கல் குத்தினால் அடுத்த அடியையே மாற்றி வைத்துவிடுவோம். மரத்துப்போன காலுக்கு அந்தச் செய்தி போகாது. அதே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை அழுத்தி நடப்பார்கள். கொப்புளம் உடையும், உள்ளே மண் போகும், வலிக்காது. வலிக்காததால் யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்றாம் நாள் வாடை வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது ஏற்கெனவே மெதுவு. காலில் வலி இல்லாமல் நடந்தார் என்று கேட்டால் மற்றவர்கள் முருகன் அருள் என்பார்கள், எனக்குப் பயம்தான் வரும்.

வேலடியார்:
முருகன் நினைத்தால் முள்ளும் பூவாகும். மாலை போட்டுக்கொண்டு செருப்பு மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரியவர் வாயால் சொல்லிவிட்டார். சொன்ன வேண்டுதலைச் சௌகரியத்துக்கு மாற்றினால் அது வீட்டையே உறுத்திக்கொண்டிருக்கும். சர்க்கரை இருந்தும் வெறுங்காலில் போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழக்கம்தான் முக்கியம். நம் தாத்தாக்கள் செருப்பே போட்டதில்லை.

ஓய்வுபெற்ற செவிலி:
ஐயா, உங்கள் நம்பிக்கையை மதிக்கிறேன், நானும் திருநீறு பூசாமல் வீட்டை விட்டு இறங்காதவள். ஆனால் தாத்தாக்கள் சிறு வயதிலிருந்தே மண்ணில் நடந்தவர்கள். அவர்கள் பாதத் தோல் வேறு, அவர்கள் நடந்த வழியும் மண்பாதை. இப்போது கொதிக்கிற தார், உடைந்த கண்ணாடி, ஜல்லி. போய் வந்தவர்களை நீங்கள் பார்த்தீர்கள். தைப்பூசம் முடிந்த வாரங்களில் விரல் கறுத்து வார்டுக்கு வந்தவர்களை நான் பார்த்தேன். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறோம்.

கோபால்பட்டி பக்கத்துப் பந்தல்:
எங்கள் தெருவில் வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போட்டு, உட்கார்ந்து கால் ஊறவைக்க வெந்நீர் வைப்போம். எனவே முகத்தைவிடப் பாதத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். கொப்புளம் பெரும்பாலும் குதிகால் ஓரம், முன்பாத மேடு, சுண்டு விரல் பக்கம். முதல் நாளே வருகிற கொப்புளம் உரசலால் வருவது, ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் வரும். அதனால் வெந்நீரில் ஊறவைத்த காலை உடனே ரோட்டில் வைக்கக் கூடாது. ஊறின தோல் இன்னும் சீக்கிரம் கழன்று வரும். நடை முடிந்து ராத்திரி படுக்கும் இடத்தில் மட்டும் ஊறவையுங்கள். நடுவழியில் துடைத்து உலர்த்தினால் போதும். சர்க்கரை இருக்கிறவர் ராத்திரியிலும் ஊறவைக்க வேண்டாம், சூடு தெரியாமல் வெந்துபோன கால்களைப் பார்த்திருக்கிறோம்.

சர்க்கரை இல்லாதவர்களுக்குக் கொப்புளம் பெரிதாகி அடி வைக்க முடியாவிட்டால் மட்டும், ஓரத்தில் சுத்தமான ஊசியால் சின்னதாகக் குத்தி நீரை வடித்து, மேல் தோலை உரிக்காமல் கட்டுப் போடுகிறோம். அந்தத் தோல்தான் மருந்து. சர்க்கரை என்று சொன்னால் ஊசியே தொட மாட்டோம், மூடிக் கட்டி டாக்டரிடம் அனுப்பிவிடுவோம்.

முள்வாங்கி ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். நெருஞ்சியும் கருவேல முள்ளும் ரோட்டோர மண்ணில்தான் கிடக்கும், தார் சுடுகிறது என்று மண்ணில் இறங்கும்போது ஏறும்.

சிங்கம்புணரி அக்கா:
பெண்களுக்கான விஷயத்தை நான் சொல்கிறேன் கண்ணு. தூரத்தைவிடக் கழிவறைதான் பெரிய பிரச்சினை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள், அப்புறம் மயங்கி விழுகிறார்கள், நீர்க்கடுப்பு வருகிறது. பெட்ரோல் பங்க்குகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள். பெரும்பாலான பங்க்குகளில் கேட்டால் அனுமதிப்பார்கள். அன்னதான மண்டபங்களில் இருக்கும், ஆனால் சாயங்காலம் போனால் கூட்டம் தாங்காது. காலை நடை முடிந்ததும் முதல் வேலையாக முடித்துவிடு.

உடை பருத்தி சுடிதார் போதும். புடவை கட்டினால் கரை பாதத்தில் உரசி ரத்தக் கோடு விழும். தொடை உரசுகிற உடம்பாக இருந்தால் உள்ளே நீளமான டைட்ஸ், கிளம்பும்போது வாசலின். ஆண்களுக்கும் இதே கதைதான், வேட்டியோடு நடக்கிறவர்கள் வெளியே சொல்வதில்லை. மாதவிலக்கு நாட்கள் நடுவில் வருமா என்று இப்போதே காலண்டரைப் பார். குழுவுக்குக் குழு வழக்கம் மாறும். சேர்வதற்கு முன்பே குழுப் பெண்களிடம் கேட்டுவிடு, நடுவழியில் வாக்குவாதம் வரக் கூடாது.

பெண்கள் நாலு பேராவது இருக்கிற குழுவோடு சேர். படுக்க மண்டபத்தில் பெண்களுக்குத் தனி மூலை கிடைக்கும், ராத்திரி எழுந்து போகத் துணை இருக்கும்.

காய்கறி லாரி:
நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய் ஏற்றிப் போகிற வண்டி ஓட்டுகிறேன். ஸ்டியரிங் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

தை மாதம் விடியற்காலை மூடுபனி இறங்கினால் வண்டி லைட் வெளிச்சம் பனியிலேயே நின்றுவிடும். பச்சை வேட்டி, காவி வேட்டி ரெண்டும் எங்களுக்கு இருட்டுத்தான். ஒளிரும் பட்டை ஒட்டின சட்டையோ, முதுகுப் பைக்குக் குறுக்கே ரெண்டு இன்ச் ஒளிரும் ஸ்டிக்கரோ இருந்தால் தூரத்திலேயே மின்னும், பிரேக்கில் கால் வைக்க நேரம் கிடைக்கும். டார்ச்சை எங்கள் கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள், கீழே உங்கள் காலுக்கு அடியுங்கள், அசைகிற வெளிச்சம் போதும் எங்களுக்கு. நடைபாதை இல்லாத இடத்தில் ரோட்டின் வலது ஓரம் நடங்கள். எதிரே வருகிற வண்டி உங்கள் கண்ணுக்குத் தெரியும், இடது ஓரம் போனால் நாங்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் வருகிறோம். வரிசையாக ஒருத்தர் பின் ஒருத்தராக, குறிப்பாக வளைவில். காதில் பாட்டு மாட்டாதீர்கள்.

ராத்திரி 2 மணியிலிருந்து விடியும் வரை எங்களுக்குத் தூக்கம் கண்ணை அமுக்குகிற நேரம். வெயிலுக்குப் பயந்து அந்த நேரத்தில் ரோட்டில் இருக்கிறவர்கள் எங்கள் தூக்கத்துக்கும் பயப்பட வேண்டும். திண்டுக்கல் தாண்டி பல இடங்களில் நடப்பவர்களுக்கென்று பேவர் பிளாக் பாதை போட்டிருக்கிறார்கள். கல் பெயர்ந்து கிடக்கிறது என்று ரோட்டில் இறங்கி நடக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பெயர்ந்த கல்லில் கால் சுளுக்கும், ரோட்டில் உயிர் போகும்.

காரைக்குடி நடைக்குழு:
தம்பி சொன்னதை ஏற்கிறேன். நாங்கள் 3 மணிக்குக் கிளம்புகிற வழக்கம் வைத்திருக்கிறோம், ஆனால் எங்களுக்கு முன்னும் பின்னும் லைட் போட்ட வண்டி வருகிறது. அப்பாவும் மகளுமாகச் சின்னக் குழுவில் போகிறீர்கள் என்றால் 5 மணிக்கு முன் காலை வைக்காதீர்கள். கொட்டாம்பட்டியில் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை குறுக்கே வரும், அங்கே மட்டும் நன்றாக விடிந்த பிறகு கடப்பது போல நாளை அமையுங்கள்.

இன்னொன்று. தார் ரோடு ஓரத்தில் சரிவாக இருக்கும். நாள் முழுக்க ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் போகும், சாயங்காலம் ஒரு முழங்கால் மட்டும் வீங்கும். நிறையப் பேர் இதை மூட்டு வலி என்று நினைத்துத் தைலம் தேய்க்கிறார்கள். சமமான இடம் கிடைக்கும் போதெல்லாம் அதில் ஏறிக்கொள்ளுங்கள், வலி பாதியாகிவிடும்.

தேவகோட்டை மகள்:
எல்லோருக்கும் நன்றி. அப்பா முழுவதையும் கேட்டார், லாரித் தம்பி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மருத்துவரிடம் நாள் வாங்கியாயிற்று. அதுவரை பயிற்சி எப்படி ஆரம்பிப்பது? மாத்திரை, சாப்பாடு விஷயத்தில் என்ன கவனம்? வழியெல்லாம் அன்னதானம் என்கிறார்கள், அதை நினைத்தால்தான் கவலை.

ஓய்வுபெற்ற செவிலி:
சாப்பாட்டை முதலில் சொல்கிறேன். அன்னதானம் பெரும்பாலும் சோறு, கேசரி, பானகம், இனிப்பு டீ. மூன்று வேளையும் அதுவே என்றால் சர்க்கரை ஏறும். இன்னொரு பக்கம் மணிக்கணக்கில் நடப்பதால் சர்க்கரை இறங்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நடுவழியில் தாழ்சர்க்கரை வரலாம்: கை நடுக்கம், வியர்வை, பேச்சு தடுமாற்றம். சும்மா களைப்பு என்று நினைத்துவிடுவார்கள். நீண்ட நடைக்குப் பிறகு ராத்திரி தூக்கத்திலும் சர்க்கரை இறங்கும், அதனால் இரவு இன்சுலின் அளவை நடை நாட்களுக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். குளுக்கோமீட்டர் கையில், குளுக்கோஸ் பாக்கெட் அப்பா சட்டைப் பையில். வேனில் இருக்கும் பையில் வைத்தால் உதவாது, வேன் நாலு கிலோமீட்டர் முன்னால் நிற்கும்.

இன்சுலினை வண்டி டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் கெட்டுவிடும்.

தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, வியர்வையில் போன உப்பு திரும்ப வராது. உப்புப் போட்ட மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை இருக்கிறது, அப்பாவுக்கு எப்போது எவ்வளவு என்று மருத்துவரிடமே கேளுங்கள். உனக்கு ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. வலி மாத்திரையை மிட்டாய் போல எடுத்துப் போடுகிறவர்களைப் பார்ப்பாய். வெறும் வயிறு, நீர் குறைந்த உடம்பு, அதன் மேல் வலி மாத்திரை என்றால் சிறுநீரகம் பாதிக்கும். அப்பாவுக்கு மருத்துவர் சொல்லாமல் ஒன்றுகூடத் தராதே.

காரைக்குடி நடைக்குழு:
பயிற்சி: மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். தினமும் 4 கி.மீ., வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டி, ஞாயிறு மட்டும் நீள நடை. கடைசி மாதத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து 12, 15 நடந்து பாருங்கள். ஒரு நாள் 20 நடப்பது பெரிதில்லை, மறுநாள் அதே காலோடு எழுந்து நடப்பதுதான் பயிற்சி. பாதயாத்திரையில் போடப் போகிற அதே உடை, அதே செருப்பு. கடைசி வாரம் புதுச் செருப்பு வாங்காதீர்கள். நகத்தைக் கிளம்ப நாலு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள், முதல் நாள் ராத்திரி ஒட்ட வெட்டி ரத்தம் வரவழைக்காதீர்கள்.

வெறுங்காலில் நடக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் முதல் வாரம் கால் மணி நேரத்துக்கு மேல் தாரில் நடக்கக் கூடாது. தோல் தடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

தேவகோட்டை மகள்:
மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். வலது காலில் கட்டை விரலிலும் முன்மேட்டிலும் இழை பட்டது அப்பாவுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது இழை வளைந்து நிற்கிறது, அவர் "இன்னும் வைக்கவில்லையா" என்று கேட்டார். நாடித் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு), பின்வார் வைத்தது, அதோடு நாள்தோறும் பாதத்தைப் பார்த்தால் மெதுவாக நடக்கலாம், வெறுங்கால் கண்டிப்பாகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்பா வீட்டுக்கு வரும்வரை பேசவே இல்லை. முருகனிடம் ஒன்று சொல்லிவிட்டு வேறொன்று செய்வதா என்பதுதான் அவருக்கு வேதனை. வேலடியார் ஐயா, கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். இதற்கு வழி இருக்கிறதா?

வேலடியார்:
அம்மா, இழை வளைந்தது தெரியவில்லை என்று படித்ததும் எனக்கே மனசு கேட்கவில்லை. முன்பு எழுதியதை உங்கள் அப்பாவுக்குப் பொருத்திச் சொல்ல மாட்டேன். ஒருவரால் முடியாத வேண்டுதலை ரத்த உறவு ஏற்றுக்கொள்வது நம் வழக்கத்தில் உண்டு. தகப்பனுக்கு முடியாததைப் பிள்ளை நடப்பான். குலதெய்வக் கோயிலில் பூ கட்டிப் போட்டுக் கேளுங்கள், அப்பா மனசு ஆறும். முதல் காவடி எடுத்தவன் இடும்பன். சிவகிரி, சக்திகிரி இரண்டையும் தோளில் தூக்கி வந்தவன் வழியில் இறக்கி வைத்தான், மறுபடி தூக்க முடியவில்லை. அவனைத்தான் முருகன் தன் மலையிலேயே காவலுக்கு வைத்தான். காவடியோடு வருகிற எல்லோரும் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போகிறோம். இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

தேவகோட்டை மகள்:
சொன்னேன் ஐயா. அப்பா கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் அவரே போய்ப் பூ போட்டுக் கேட்டுவிட்டு வந்தார். முடிவு இது: அப்பா செருப்போடு நடப்பார், வெறுங்கால் வேண்டுதலை நான் ஏற்கிறேன். தம்பி வேனில் வருவான், ஆயக்குடியிலிருந்து எங்களோடு முடிந்தவரை நடப்பான். எட்டு நாள் திட்டம், பெண்கள் உள்ள குழு ஒன்றில் சேர்ந்தாயிற்று. நான் மொட்டை மாடியில் தொடங்கித் தெருத் தாருக்கு வந்துவிட்டேன்.

பழனியில் இறங்கியதும் எப்படி என்று யாராவது சொல்லுங்கள். மலை ஏறும்போதாவது அப்பா செருப்பைக் கழற்றத்தானே வேண்டும்?

அடிவாரத்துக்காரர்:
நான் பழனி. முதலில் அடிவாரத்தில் இருக்கிற திருவாவினன்குடி முருகன் கோயில், அப்புறம் மலை. ஏறப் படிப்பாதை 690 படிக்கு மேல். நடந்து வந்த முழங்காலுக்கு யானைப்பாதை எளிது, சரிவாகப் போகும், படி குறைவு. தைப்பூச நாட்களில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று பிரித்துவிடுவார்கள், போலீஸ் காட்டுகிற பக்கம் போங்கள். ரோப் காரும் விஞ்சும் இருக்கின்றன, ஆனால் அன்றைக்கு அந்த வரிசையில் நிற்பது நடப்பதைவிடக் கஷ்டம்.

முடிந்தால் பூசத்தன்றைக்கு வராமல், ரெண்டு நாள் முன்போ பின்போ தரிசனம் வையுங்கள். பூசம் முடிந்தால் கூட்டம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள், எடப்பாடிக் காவடிகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மலையில் இரவு தங்குகிற உரிமை அவர்களுக்கு மட்டும் உண்டு, வந்து பஞ்சாமிர்தம் பிசைவதையே பார்க்கலாம். செல்போன் 2023 அக்டோபரிலிருந்து மேலே அனுமதி இல்லை, கீழேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் குழு பிரிந்தால் எங்கே சேர்வது என்று அடிவாரத்திலேயே ஒரு இடம் பேசி வையுங்கள். அப்பாவின் பெயர், சர்க்கரை நோயாளி என்ற விவரம், உங்கள் நம்பர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி:
செருப்பைக் கழற்றும் நேரம் பற்றி: விடியற்காலையோ சாயங்காலமோ ஏறுங்கள், வெயிலில் கருங்கல் பழுக்கக் காய்ந்திருக்கும். கெட்டியான பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏறலாமா என்று கோயில் ஆட்களிடம் கேளுங்கள், முதியவர்களுக்கு மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இறங்கி வந்ததும் அதே இடத்தில் உட்காரவைத்து, ஈரத் துணியால் துடைத்து, விரல் இடுக்கு உட்பட டார்ச் அடித்துப் பாருங்கள். பாதத்தின் அடியைத் தம்பி போனில் படம் பிடிக்கட்டும், தினமும் ராத்திரி ஒரு படம். முந்தைய நாள் படத்தோடு வைத்துப் பார்த்தால் புதுச் சிவப்பு தெரியும். சிவப்பு இருந்தால் மறுநாள் அப்பா வேனில், நீ நடை. இதை இப்போதே அவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வை, வழியில் பேசினால் கேட்க மாட்டார்.

தேவகோட்டை மகள்:
பேசிவிட்டேன் அம்மா. "படம் சொன்னால் ஏறிக்கொள்கிறேன்" என்றார். திரும்பி வர ரயிலா பஸ்ஸா?

அடிவாரத்துக்காரர்:
பூசத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் நிறைய விடுவார்கள், ஆனால் அன்று ராத்திரி நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. உங்களிடம்தான் வேன் வருகிறதே, அதை ஊருக்குள் கொண்டுவராமல் ஆயக்குடிப் பக்கமே நிறுத்தச் சொல்லுங்கள். மலையைச் சுற்றிப் போகிற கிரிவீதியில் வண்டி விடுவதில்லை. அப்பாவை வேன் நிற்கிற இடம் வரை ஆட்டோவில் கூட்டிப் போங்கள், அன்றைக்கு இன்னும் நடக்கவைக்காதீர்கள்.